கமீலா கொண்டுவந்த தட்டு

சுபஹுத் தொழுகை முடிந்து ஹப்ஸா கையேந்திக் கேட்டதை வெளியே சொன்னால் பள்ளிவாசல் லெப்பை முகத்தைச் சுளிப்பார். மகள் நதீராவுக்கு நல்ல கெம்பஸ், நல்ல பல்கலைக்கழகம், கிடைக்கவேண்டும் என்று கேட்டாள். அது எந்தத் தாயும் கேட்பதுதான். அதற்குப் பின்னால் குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் கேட்டாள்.

"யா அல்லாஹ், கமீலாவ என்ட வாசலுக்குக் கொண்டுவந்து சேர். தட்டோட கொண்டுவா. ஊரு பாத்திரிக்கக் கொண்டுவா."

அவள் கேட்டதைக் கேட்டபடியே அல்லாஹ் கொடுத்துவிட்டான். அதுதான் வினையாகிப் போனது.

கமீலா என்றால் ஹப்ஸாவின் மதினி. கணவன் அபுல் ஹஸனின் மூத்த சகோதரி. கமீலாவின் கணவர் முகைதீன்பாவா கண்டியில் புடைவைக்கடை வைத்துக் கொழுத்தவர். கல்முனையில் கடற்கரைப் பள்ளிவாசல் பக்கம் ஒரு வீடு, கண்டியில் ஒரு வீடு. ஒரே மகன் நவ்பர். நதீரா ஏணைத் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, "இது என்ட மருமகள், வேற ஆரும் கண் வெக்கப்படாது" என்று நெற்றியில் முத்தமிட்டுப் போனவள் இந்தக் கமீலாதான். ஊரும் அப்படியே நம்பியிருந்தது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே. பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் பெண் வீட்டார். மாப்பிள்ளை கேட்டுப் போவதும் பெண் வீட்டார். நவ்பர் பேராதனைக் கெம்பஸுக்கு இஞ்சினியர் படிக்கத் தெரிவானதும் ஹப்ஸா தாமதிக்கவில்லை. இடுப்பு ஒடிய நின்று தொதல் கிண்டினாள். மஸ்கட் செய்தாள். இரண்டும் சம்பந்தம் பேசக் கொண்டுபோகும் இனிப்பு. பித்தளைத் தட்டில் அடுக்கி, பூவேலை செய்த பச்சைத் துணியால் மூடி, நான்கு மூலையையும் தன் கையாலேயே முடிந்து, தெருப் பெண்கள் இருவரிடம் கொடுத்தனுப்பினாள்.

போன தட்டு அன்று பின்னேரமே திரும்பி வந்தது. முடிச்சு அவிழ்க்கப்படவில்லை.

"கெம்பஸ் மாப்புளக்கு ஓட்டு வீடு காணாதாம். மாடி வெச்சு மேல்வீடு கட்டிப்போட்டு வரட்டாம்" என்று ஒரு சொல்லும் கூட வந்தது. கொண்டுபோன பெண்களுக்கு ஹப்ஸாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. வேலிக் கடப்படியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நின்ற நதீராவின் கையில் தட்டை வைத்துவிட்டு நழுவிவிட்டார்கள்.

அந்தத் தொதலை ஹப்ஸா கோழிக்குக்கூடப் போடவில்லை. கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பெருநாளைக்கும் தொதல் கிண்டியதில்லை.

ஐந்தாறு வருசத்துக்குப் பிறகு இப்போது காலம் திரும்பியிருக்கிறது. ஏ.எல். பரீட்சை ரிசல்ட் வந்து, அம்பாறை மாவட்டத்தில் டொக்டருக்குப் படிக்கத் தகுதி பெற்ற கொஞ்சப் பிள்ளைகளில் நதீராவும் ஒருத்தி. கல்முனை பஸாரில் அபுல் ஹஸனின் சாய்ப்புக்கடைக்கு ஊசி நூல் வாங்க வருகிறவர்கள்கூட "டொக்டர்ட வாப்பா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

அன்றைய சுபஹு துஆவின் ஈரம் கையில் காய்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சுபைதாவின் தலை எட்டிப் பார்த்தது. ஊரில் ரேடியோ பழுதானாலும் சுபைதா பழுதாக மாட்டாள்.

"ஹப்ஸா, சங்கதி தெரியுமாகா? ஒன்ட மதினி நேத்து கண்டியிலரிந்து வந்திரிக்கா. கிணத்தடியில குந்திக்கொண்டு பித்தளத் தட்டு மினுக்குறாவாம். பின்னேரம் அஸருக்குப் பொறகு இஞ்சதான் வரப்போறாவாம்."

"தட்டா?"

"தட்டுத்தான். புளி போட்டு மினுக்குறாவாம்."

ஹப்ஸாவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இத்தனை நாள் உள்ளே கிடந்து புகைந்தது இப்போதுதான் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளையின் உம்மா தட்டேந்திக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறாள்! ஊரில் நடக்காதது நடக்கப்போகிறது. வரட்டும், வரட்டும்.

"சுபைதா, ரிசல்ட் வந்த சந்தோசத்துக்குப் பாச்சோறு ஆக்கப்போறன். அஸருக்குப் பொறகு தெருவுல எல்லாரையும் வரச்சொல்லு. ஒராளையும் விட்டுராத."

சுபைதாவிடம் அதைச் சொல்லவே தேவையில்லை.

காலைச் சாப்பாட்டில் அபுல் ஹஸன் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. போன கிழமை கடைச் சாமான் எடுக்கக் கண்டிக்குப் போய்வந்ததிலிருந்து மனுசன் இப்படித்தான். எந்தக் கெம்பஸை முதலாவதாகப் போடுவது என்று முடிவு பண்ணி, நாளைக்கு விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

"கொழும்ப முதலாவதாப் போடுவம்" என்றாள் ஹப்ஸா.

"கொழும்புல நமக்கு ஆரு இரிக்கா?"

"ஹொஸ்டல் இரிக்கி."

"முதலாம் வருசம் தருவாங்க. பொறகு வெளிய போடிங் பாரு எண்டுவாங்க. பொம்புளப் புள்ள, தெரியாத வீட்டுல போடிங்கா? நாளும் பொழுதும் குண்டு வெடிக்கிற ஊரு."

"அப்ப பேராதனையில ஹொஸ்டல் கெம்பஸுக்குள்ளயே இரிக்கிதானே?" என்றாள் ஹப்ஸா, அவர் வாயைக் கிண்டுவதற்காகவே.

"அங்க மூத்த புள்ளைகள்ட பகிடிவதை. போன வருசம் போன புள்ளைகள் ஆறு மாசம் அழுதிச்சுகள்." அபுல் ஹஸன் கையைக் கழுவிவிட்டார். "எந்த ஊரெண்டாலும் ஹொஸ்டலுக்கும் போடிங்குக்கும் விடமாட்டன். சொந்தக்காரர்ட வீடு எண்டா அனுப்புறன். இல்லாட்டி ஒலுவில்ல புதுசாத் தொறந்திரிக்கிற கெம்பஸுக்குப் போகட்டும். பின்னேரம் வீட்ட வந்திரலாம்."

"ஒலுவில்ல டொக்டருக்குப் படிப்பிக்கிறாங்களா?"

"டொக்டருக்குத்தான் படிக்கணுமெண்டு குர்ஆன்லயா இரிக்கி?"

அபுல் ஹஸன் பசு மாதிரியானவர். பெண் வீட்டில் வந்து குடியிருக்கிற மாப்பிள்ளை என்பதை இருபது வருசமாக மறக்காதவர். ஆனால் பசு படுத்துவிட்டால் எழுப்ப முடியாது. சொந்தக்காரர் வீடு இல்லை என்றால் நதீராவின் டொக்டர் படிப்பு அத்தோடு சரி. அதை மூவரும் அறிவார்கள். கெம்பஸுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், பேராதனையை ஒட்டிய கண்டியில், இருக்கிறது. அது யாருடைய வீடு என்பதையும் மூவரும் அறிவார்கள்.

"நீ என்ன சொல்றா புள்ள?" என்று ஹப்ஸா மகளைக் கேட்டாள்.

நதீரா கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு எங்கெண்டாலும் ஒண்டுதான் உம்மா. டொக்டருக்கு எண்டாக் காணும்."

அபுல் ஹஸன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்பைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார்.

"ராத்தா வந்தா மரியாதயாக் கதை" என்று தன் அக்காவுக்காகப் பரிந்தார்.

"வருவா எண்டு ஒங்களுக்கு ஆரு சொன்ன?"

"ஊரே கதைக்கிது" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

ஹப்ஸாவுக்கு அதை யோசிக்க நேரமில்லை. தேங்காய் துருவிக்கொண்டே, கமீலாவிடம் சொல்லப்போகும் சொல்லைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் நீளமாக இருந்தது, வெட்டினாள். ஒரு சொல் போதிய உறைப்பில்லாமல் இருந்தது, கூட்டினாள். கமீலாவை முதலில் அனுப்பிவிடுவோம், கொழும்பு ஹொஸ்டலுக்கு மனுசனைப் பிறகு வழிக்குக் கொண்டுவருவோம் என்பது அவள் கணக்கு. பால் பொங்கியபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அஸர் தொழுகை முடிந்ததும் வீட்டு வளவு தெருப் பெண்களால் நிறைந்துவிட்டது. பாய் விரித்து, பாச்சோற்றைக் கோப்பை கோப்பையாகப் போட்டுக் கொடுத்தாள் ஹப்ஸா. "டொக்டரம்மாட உம்மா, நாளைக்கு எங்கள நாடி புடிக்கவும் விடமாட்டா" என்று ஒருத்தி பகிடி பண்ணினாள். சுபைதா மட்டும் கடப்பைப் பார்க்க வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கமீலா வந்தாள்.

குடை இல்லை, கூட ஆள் இல்லை. சாரி முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு, சிவப்புத் துணி மூடிய பித்தளைத் தட்டைத் தன் இரண்டு கையாலும் தானே ஏந்திக்கொண்டு வந்தாள். ஹப்ஸா எழும்பினாள், ஆனால் 'வாங்க' என்று சொல்லவில்லை.

"சுகமா இரிக்கியா ஹப்ஸா?"

"அல்லாஹ் வெச்சபடி இரிக்கன் மதினி. மேல்வீடு இல்லாட்டியும் நித்திர வருது."

பாயில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கமீலா தட்டை நீட்டினாள். ஹப்ஸா வாங்கினாள். பாரமே இல்லை. தொதலும் மஸ்கட்டும் அடுக்கிய தட்டு இப்படியா இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைக் கோபம் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டது. தட்டை அப்படியே திருப்பி மதினியின் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. முடிச்சு அவுக்கல்ல. ஒங்களுக்குப் பழகின பழக்கம்தான். டொக்டர் புள்ளக்கு வெறும் இஞ்சினியர் மாப்புள காணாது. ஒங்கட மகன லண்டன்ல போய்ப் படிச்சுப்போட்டு வரச்சொல்லுங்க. பொறகு பாப்பம்."

யாரோ "யா றப்பே" என்றார்கள். ஹப்ஸாவின் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. எத்தனை நாள் பசி! வயிறு நிறையச் சாப்பிட்டவளாக நின்றாள்.

கமீலா கோபப்படவில்லை. அங்கே கிடந்த கதிரையில் தட்டை வைத்து, ஒரு முடிச்சாக, ஒரு முடிச்சாக, தானே அவிழ்த்தாள். துணியை விலக்கினாள்.

தட்டு நிறைய மல்லிகைப் பூ. நடுவில் வீட்டுச் சாவி, ஒரு திறப்புக் கோர்வை.

"மாப்புள பேச ஆரு வந்த?" என்றாள் கமீலா. "நவ்பருக்குப் போன மாசம் நிக்காஹ் எழுதியாச்சு. அக்குறணையில, ஊருக்குச் சொல்லாம சின்னதா. பொண்ணுட வீட்டு வேல முடியல்ல, முடிஞ்சதும் மாப்புளயக் கூட்டிக்கொண்டு போவாங்க. நான் கொண்டந்த இது கண்டி வீட்டுத் தொறப்பு. நதீரா பேராதனையில படிக்கிறதெண்டா அங்க நிண்டு படிக்கட்டும். நாங்க கடைக்கும் கல்முனைக்கும் அலைஞ்சாலும் என்ட மச்சி, விதவ மனுசி, அவ வீட்டோட இரிக்கா. நவ்பருக்குக் கொழும்புல வேல, வெள்ளிக்கிழமையில வந்துபோறவன். பொம்புளப் புள்ளட கையில வீட்டுத் தொறப்ப வெறுங்கையால குடுக்கப்படாது எண்டு தட்டுல வெச்சன்."

ஹப்ஸா ஓர் அடி பின்வாங்கினாள். கமீலா விடவில்லை.

"நம்மட ஊருல எந்தக் காலத்துலகா மாப்புளட உம்மா தட்டேந்தி பொண்ணு கேட்டு வந்திரிக்கா? கேட்டு வாறது பொண்ணு வீட்டார். அது ஒனக்கு நல்லாத் தெரியும்."

இந்தமுறை பாயில் இருந்தவர்கள் வாயைப் பொத்தவில்லை. சுபைதாவின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது. ஹப்ஸாவின் பாச்சோறு அவள் வாயில்தான் இருந்தது.

"இதயும் நானா நெனச்சு வரல்ல" என்றாள் கமீலா. குரலில் இப்போதுதான் விஷம் ஏறியது. "ஒன்ட மாப்புள, என்ட தம்பிதான், போன கிழம கண்டிக்கு வந்து என்ட வாசல்ல நிண்டு, 'ராத்தா, என்ட புள்ளக்கு ஒரு அற தாங்க' எண்டு கேட்டவன். கேட்டுப்பாரு."

அபுல் ஹஸன் கடப்படியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. தலையில் தொப்பி, முகத்தில் ஈயாடவில்லை. ஹப்ஸா அவரைப் பார்த்தாள். அவர் சைக்கிள் மணியைப் பார்த்தார். கடைச் சாமான்! அந்தச் சாமானுடைய இலட்சணம் இப்போது விளங்கியது.

கமீலா துணியின் மூலையை மீண்டும் இழுத்தாள். "வேணாமெண்டா விடு. ஒலுவில் கிட்டத்தானே."

ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். 'தாங்க மதினி' என்றால் போதும். மகள் டொக்டராவாள். இவள் வீட்டுக் கூரைக்குக் கீழே என் பிள்ளையா? அந்த நேரத்தில் மகளின் படிப்பா, உன் ரோசமா என்று யாராவது கேட்டிருந்தால் ரோசம் என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். பெற்றவள்தான், ஆனாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

கமீலா முதலாவது முடிச்சைப் போட்டாள்.

"மாமி."

உள்ளேயிருந்து நதீரா வந்தாள். நேராகக் கமீலாவிடம் போய், இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து ஸலாம் சொன்னாள். பிறகு மல்லிகைப் பூ ஒன்றுகூடச் சிந்தாமல் திறப்பை எடுத்தாள்.

"உம்மாக்கு அடுப்படி வெக்கயில தல சுத்தியிரிக்கும். நீங்க மனசுல வெக்காதீங்க மாமி. பேராதனயத்தான் முதலாவதாப் போடுறன்."

"என்ட புள்ள!" என்று கமீலா அவளைக் கட்டிக்கொண்டாள். கமீலாவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. "தங்கமான புள்ளய நான்தான்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. அபுல் ஹஸன் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சை விட்டார். பாயில் இருந்தவர்கள் நதீராவைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்த ஒவ்வொரு சொல்லும் ஹப்ஸாவின் கன்னத்தில் ஓர் அறையாக விழுந்தது.

கூட்டம் கலைந்தது. அபுல் ஹஸன் மஃரிபு தொழுகை நேரத்துக்கு முன்னமே பள்ளிக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு வீட்டைவிடப் பள்ளி பாதுகாப்பாக இருந்தது. ஹப்ஸா அடுப்படியில் பாச்சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பானை வெளுத்து வெகு நேரமாகியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நதீரா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"என்ன வித்துப்போட்டியே புள்ள" என்றாள் ஹப்ஸா, திரும்பாமலே. "ஊருக்கு முன்னுக்கு அவட கையப் புடிச்சி..."

"உம்மா, அண்டைக்கு அந்தத் தட்ட ஆரு கையில வாங்கின?"

ஹப்ஸாவின் கை நின்றது.

"நான்தான் வாங்கின. நீங்க இல்ல. முடிச்சு அவுக்காத தட்டு எவ்வளவு பாரம் எண்டு எனக்குத்தான் தெரியும். நீங்க தொதலப் பொதச்சிப்போட்டு வீட்டுக்குள்ள கிடந்து அழுதீங்க. நான் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனன். 'மேல்வீடு வருகுது, மேல்வீடு வருகுது' எண்டு வகுப்பே சிரிச்சிச்சி. வீட்ட வந்து நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்களும் கேக்கல்ல."

கேட்கவில்லைதான். அந்த அவமானம் முழுக்கத் தன்னுடையது என்றே ஹப்ஸா இத்தனை நாளும் வைத்திருந்தாள். அதில் பங்கு கேட்க இன்னொருத்தி இந்த வீட்டிலேயே இருப்பாள் என்று நினைத்ததில்லை.

"நீங்க ஒரு பின்னேரத்துல பழி தீக்கப் பாத்தீங்க உம்மா" என்றாள் நதீரா. குரலில் கோபம் இல்லை. பாடம் ஒப்புவிக்கிற குரல். "அது காணாது. டொக்டர் படிப்பு அஞ்சு வருசம். அஞ்சு வருசமும் அவட வீட்டுல, அவட சோத்தத் திண்டுகொண்டு, அவ குடுத்த தொறப்பால தொறந்து பூட்டிக்கொண்டு இரிப்பன்."

"இரிந்து... என்ன புள்ள செய்யப்போறா?"

"படிக்கப்போறன்."

திறப்பை ஒரு கறுப்பு நூலில் கோர்த்திருந்தாள். அதைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள்ளே விட்டுக்கொண்டு எழும்பினாள்.

"நவ்பர் மச்சான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம வருவாராம். நிக்காஹ்தானே எழுதியிரிக்கி. அவர இன்னம் கூட்டிக்கொண்டு போகல்லயே."

"நதீரா!"

"தொழ வுளூ எடுக்கப்போறன் உம்மா. பாங்கு சொல்லப்போகுது."

கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது, தொதலைப் புதைத்த அதே கிணற்றடி. ஹப்ஸா குந்திய இடத்திலேயே இருந்தாள். அக்குறணையில், வீட்டு வேலை முடியட்டும் என்று காத்திருக்கிற, முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளையின் நினைப்பு வந்தது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு உம்மா இருப்பாள்.

மஃரிபு தொழுதுவிட்டு ஹப்ஸா கையேந்தினாள். காலையில் ஓடி வந்த சொற்களில் ஒன்றையும் காணவில்லை. கமீலாவின் குடும்பத்தைக் காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. காப்பாற்றாதே என்று கேட்கவும், காலையில் கேட்டவளுக்கு, இப்போது பயமாக இருந்தது. கேட்டது கிடைத்துவிடுகிறது.

ஏந்திய கையோடு அவள் இருக்க, பக்கத்து அறையில் நதீரா அலுமாரிக்கு மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கி, தூசி தட்டத் தொடங்கினாள்.